ஆசிட் கொட்டினால் ஜவான் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: ராஜஸ்தானில் ஒரு ராணுவ யூனிட்டில் சுபேதாராக இருக்கிறேன். போன மாதம் எங்கள் எம்.டி. ஷெட்டின் (வண்டிகள் நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகை) பேட்டரி அறையில் 20 லிட்டர் ஆசிட் கேன் விழுந்து உடைந்துவிட்டது. ஒரு பையன் ஹோஸ் பைப்பை இழுத்து வந்து தண்ணீர் அடித்தான். இன்னொருவன் மூலையில் இருந்த பிளீச்சிங் பவுடரைச் சுண்ணாம்பு என்று நினைத்து அள்ளிக் கொட்டினான். ஒரு நிமிடத்தில் அறை முழுக்க மஞ்சள் பச்சையாகப் புகை. கொட்டியவன் உள்ளேயே சுருண்டு விழ, அவனைத் தூக்க ஓடிய இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள். மூவரும் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்கள். இப்போது 32 ஜவான்களுக்கு ஐந்து நாள் பயிற்சி தயார் செய்யச் சொல்லி சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி) உத்தரவிட்டிருக்கிறார். கையில் இருப்பவை என்.பி.சி. சூட் (அணு, உயிரி, ரசாயனப் போருக்கான உடை), கேஸ் மாஸ்க், தீயணைப்பான்கள், மணல் வாளிகள், இரண்டு பி.ஏ. செட் (முதுகில் காற்றுச் சிலிண்டர் சுமக்கும் மூச்சுக்கருவி). நெடுஞ்சாலையில் டேங்கர் கவிழ்ந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சுபேதார் அவர்களுக்கு,

மூன்று பேரும் பிழைத்தது பெரிய ஆறுதல். என்ன பயிற்சி என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த அறையில் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் பயிற்சியின் முதல் பாடம் அந்தக் கணக்குதான்.

நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் கிடைக்கும். ஆசிட் பட்டதும் அது வாயுவாக வெளியே வரும். ஒரு கிலோ பவுடர் முழுதும் வினைபுரிந்தால் சுமார் 330 கிராம் குளோரின், அதாவது ஏறத்தாழ 114 லிட்டர் வாயு. ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையில் அது சீராகப் பரவினால் பத்து லட்சத்தில் 1,900 பங்கு. குளோரினில் 10 பங்கையே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம் என்பதால் அது சீராகவும் பரவாது, தரையோடு தங்கும். விழுந்தவனின் மூக்கு இருந்த உயரத்தில் அளவு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். "ஒரு முறம் பவுடர்தானே" என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

அந்த மூவரைப் பற்றி ஒரு வார்த்தை. குளோரின் சுவாசித்தவருக்கு முதலில் தேவலாம் போலிருந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால் இருமல் நின்றுவிட்டது என்று யாரையும் லைனுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. 24 மணி நேரமாவது மருத்துவக் கண்காணிப்பில் வையுங்கள். அந்த நேரத்தில் ஓட்டம், பி.டி., சுமை தூக்குதல் எதுவும் வேண்டாம். உங்கள் நர்சிங் உதவியாளருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

இனி பயிற்சி. தொழிற்சாலை ஆட்களைவிட ராணுவத்தாரிடம் இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. சத்தம் வந்த பக்கம் ஓடுவதும், விழுந்த தோழனைத் தூக்காமல் திரும்பாததும் அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். போர்க்களத்தில் அது உயர்ந்த குணம். வாயுக் கசிவில் அதுவே இரண்டாவது ஆளையும் மூன்றாவது ஆளையும் கொல்கிறது. உங்கள் ஆட்களிடம் தைரியத்துக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குக் கற்றுத் தர வேண்டியது நிற்பதை.

பரேடில் "தம்" என்று கேட்டதும் கால் தானாக நிற்கிறது அல்லவா? அதே பழக்கத்தை இங்கே கொண்டுவாருங்கள். கசிவு, கொட்டல், இனம் தெரியாத நெடி, புகை, விழுந்து கிடக்கும் மனிதன், இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் பார்ப்பவன் உரக்க "தம்" சொல்ல வேண்டும். கேட்டவர் எல்லோரும் நிற்க வேண்டும். முக்கியமானது என்னவென்றால், அதைச் சொல்லும் உரிமை நேற்றுச் சேர்ந்த சிப்பாய்க்கும் உண்டு, சுபேதாரே முன்னால் போய்க்கொண்டிருந்தாலும் அது அவரையும் நிறுத்தும். முதல் நாள் ஒத்திகையில் நீங்களே வேண்டுமென்று தப்பாக உள்ளே போங்கள். உங்களை நிறுத்தும் பையனை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள். அதைப் பார்க்காமல் வாயால் மட்டும் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நின்ற பிறகு என்ன? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு குச்சியில் துணிக் கிழிசலைக் கட்டி நட்டால் போதும். காற்று வரும் திசைக்கும், மேட்டுக்கும் நகர வேண்டும். ஓடையோ சாக்கடையோ இருந்தால் அது வரும் பக்கத்தில் நிற்க வேண்டும், போகும் பக்கத்தில் அல்ல. பிறகு தூரத்திலிருந்தே இனம் காண வேண்டும். உங்களிடம் பைனாகுலர் இருக்கிறது, தொழிற்சாலைகளில் பல இடங்களில் அது இல்லை. அதைப் பயன்படுத்துங்கள்.

இப்போது உங்களிடம் உள்ள சாதனங்கள். நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி என்.பி.சி. சூட்டும் கேஸ் மாஸ்க்கும் இருக்கின்றன என்பதுதான்.

பெர்மியபிள் வகை என்.பி.சி. சூட் என்பது காற்று ஊடுருவும் துணி, நடுவில் கரி அடுக்கு. போர் ரசாயனத்தின் ஆவியையும் சிறு துளிகளையும் அந்தக் கரி பிடித்துவைக்கும். அதன்மேல் அரை லிட்டர் பேட்டரி ஆசிட் தெறித்தால் துணி குடித்துக்கொள்ளும், ஆசிட் தோலுக்கு வரும். பெட்ரோல் ஆவியில் நின்றால் கரி நிரம்பிப் போகும், துணி நனைந்தால் அதுவே திரியாகும். ஆசிட் வேலைக்கு வேண்டியது திரவம் புகாத பி.வி.சி. அல்லது நியோப்ரீன் ஏப்ரன், அதே வகைக் கையுறை, முகத்தை முழுதும் மூடும் ஷீல்டு, அதற்குள் ரசாயனக் கண்ணாடி, கம்பூட்ஸ். கால்சட்டைக் கால் கம்பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழிந்த ஆசிட் நேராகப் பூட்ஸுக்குள் போய்த் தேங்கும். எண்ணெய்க்கு நைட்ரைல் கையுறை. சாதாரண ரப்பர் கையுறை டீசலில் ஊறி உப்பி, கிழிந்துவிடும். தோல் பூட்ஸ் எதையும் உறிஞ்சிவைத்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது.

கேஸ் மாஸ்க் டப்பா காற்றை வடிகட்டும், காற்றைத் தராது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில், அதாவது தொட்டி, குழி, மூடிய அறைகளில், அது உதவாது. கார்பன் மோனாக்சைடை அது நிறுத்தாது. எல்.பி.ஜி.யை நிறுத்தாது. அம்மோனியாவுக்கு அதற்கென்று தனி டப்பா வேண்டும். குளோரினைச் சற்று நேரம் பிடிக்கும், ஆனால் எவ்வளவு நேரம் என்பது உள்ளே எவ்வளவு அடர்த்தி என்பதைப் பொறுத்தது, அது உங்களுக்குத் தெரியாது. எனவே விதி இதுதான்: கேஸ் மாஸ்க் வெளியே வருவதற்கு, உள்ளே போவதற்கு அல்ல.

உள்ளே போக வேண்டுமானால் பி.ஏ. செட். உங்களிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டு இருந்தால் உள்ளே அனுப்பக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை பூஜ்யம். இருவர் உள்ளே போனால், அவர்களுக்கு ஏதாவது ஆனால் எடுத்துவர முழு உடையில் இன்னும் இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும். ஆக, நான்கு செட்டும் உபரி சிலிண்டர்களும் வரும்வரை, வாயு உள்ள இடத்தில் நுழைவது உங்கள் யூனிட்டின் வேலை இல்லை என்று எழுத்தில் போட்டுவிடுங்கள். கூடுதல் செட் கேட்டு எழுதும்போது இந்தக் காரணத்தையே எழுதுங்கள்.

காற்றுக் கணக்கையும் சொல்லித் தாருங்கள். 6 லிட்டர் சிலிண்டர் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்ற கணக்கில் 45 நிமிடம் என்று போட்டிருக்கும். கனமான உடையில் வேலை செய்பவன் 60 லிட்டருக்கு மேல் இழுப்பான், அப்போது அரை மணி நேரம்தான். அதில் திரும்பி வரவும், கழுவிக்கொண்டு நிற்கவும் காற்று வேண்டும். அதனால் உள்ளே வேலை நேரம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். காற்று குறைந்ததை எச்சரிக்கும் விசில் ஊதுவது சுமார் 55 பாரில், அது கிளம்பச் சொல்லும் மணி என்று பலர் நினைக்கிறார்கள். விசில் கேட்கும்போது ஆள் கழுவும் இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

தாடி வைத்த வீரர்களுக்கு மாஸ்க் முகத்தோடு ஒட்டிப் பொருந்தாது. சீக்கிய வீரர்கள் உங்கள் யூனிட்டில் இருந்தால் அவர்களை ஆபத்துப் பகுதியைச் சுற்றிய வளையத்தைக் காப்பது, காற்று நேரக் கணக்கு, தகவல் தொடர்பு போன்ற பொறுப்புகளில் வையுங்கள். அவை இரண்டாந்தர வேலைகள் அல்ல. நேரக் கணக்கு வைப்பவன் தவறினால் உள்ளே இருப்பவன் திரும்பமாட்டான்.

இனி உங்கள் பேட்டரி அறைக்கே வருவோம். மறுபடி 20 லிட்டர் ஆசிட் கொட்டினால் எப்படிச் செய்ய வேண்டும்?

"தம்". எல்லோரும் வெளியே. யார் மேலாவது பட்டிருந்தால் அவனுக்குத்தான் முதல் கவனிப்பு: உடையைக் கழற்றிக்கொண்டே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம், கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடம். தோலிலோ கண்ணிலோ சோடாவைப் போடவே கூடாது, தண்ணீர் மட்டும். சார்ஜரை அறைக்கு வெளியே உள்ள மெயின் ஸ்விட்ச்சில் நிறுத்துங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும், அறைக்குள் கிளிப்பைப் பிடுங்கினால் அந்தப் பொறி போதும். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிட வேண்டும்.

அடுத்து, உடை அணிந்த இருவர் உலர்ந்த மணலால் முதலில் சாக்கடை வாயை அடைக்க வேண்டும், பிறகு ஆசிட் பரவும் முன்விளிம்பில் கரை கட்ட வேண்டும். ஹோஸ் பைப் அடித்த பையன் செய்த தவறு இங்கேதான். பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட் ஏற்கெனவே நீர்த்தது, எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கந்தக அமிலம், அதனால் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கவில்லை. ஆனால் 20 லிட்டர் ஆசிட் 200 லிட்டர் ஆசிட் தண்ணீராகி, அறையின் எல்லா மூலைக்கும் சாக்கடைக்கும் போயிருக்கும். அடர் அமிலக் கேனாக இருந்திருந்தால் தண்ணீர் பட்ட இடத்திலேயே கொதித்து முகத்தில் அடித்திருக்கும்.

கரை கட்டிய பிறகு நடுநிலைப்படுத்துவது. இதற்குச் சோடா ஆஷ், அதாவது நீர் சேராத சலவைச் சோடாத் தூள், நல்லது. அளவு: 1.28 அடர்த்தி எண் காட்டும் ஒரு லிட்டர் பேட்டரி ஆசிட்டுக்கு அரைக் கிலோ. ஆப்ப சோடாவானால் 800 கிராம். கடையில் பளபளவென்று படிகமாக விற்கும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ வேண்டும். 20 லிட்டர் கேன் வைத்திருக்கும் அறைக்கு வெளியே 15 கிலோ சோடா ஆஷ் எப்போதும் இருக்கட்டும். கணக்குப்படி 10 கிலோ போதும், மீதி சிந்திப் போவதற்கும் கட்டியாகிப் போவதற்கும்.

ஓரத்திலிருந்து நடு நோக்கி, சல்லடையால் சலிப்பது போலத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மேலே நுரை பொங்கி ஆசிட்டைத் தெறிக்கவைக்கும், அடியில் ஆசிட் அப்படியே இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு லிட்டர் ஆசிட்டும் சோடா ஆஷோடு சேர்ந்து 117 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடும். 20 லிட்டருக்கு 2,300 லிட்டருக்கு மேல். முன் சொன்ன அறையை மூடிவைத்து இதை மளமளவென்று செய்தால் அறைக் காற்றில் ஏறத்தாழ 4 சதவீதம் ஆகிவிடும், உயிருக்கு ஆபத்தென்று வகுத்த எல்லையும் அதுதான். சரியான பொடியைப் போட்டும் ஆள் மயங்கி விழ முடியும். ஆகவே கால்வாசி தூவுங்கள், வெளியே வாருங்கள், நுரை அடங்கட்டும், அடுத்த கால்வாசி. நுரை நின்றதும், அமிலத்தின் அளவை நிறத்தால் காட்டும் பி.எச். தாளில் பாருங்கள். 6க்கும் 8க்கும் நடுவே வந்தால் பிளாஸ்டிக் வாரியால் அள்ளிப் பிளாஸ்டிக் டிரம்மில் போடலாம். தாளை ஒரே இடத்தில் தொட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். பேட்டரி ஸ்டாண்டின் காலடியிலும் தரை வெடிப்பிலும் ஆசிட் ஒளிந்திருக்கும்.

இந்த முழு வேலையையும் வினிகரில் பழக்கலாம். ஒரு தட்டு வினிகர், ஒரு கைப்பிடி ஆப்ப சோடா, பி.எச். தாள். நுரை பொங்குவதையும் தாளின் நிறம் மாறுவதையும் 32 பேரும் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். உண்மையான ஆசிட், குளோரின், அம்மோனியா எதையும் பயிற்சிக்குப் பயன்படுத்தாதீர்கள். "கொஞ்சம் நெடி காட்டினால்தான் புரியும்" என்று சொல்பவர் இருப்பார். அனுமதிக்காதீர்கள்.

எரிபொருள் கொட்டல் உங்கள் யூனிட்டில் இதைவிட அடிக்கடி நடக்கும். இதில் திருத்த வேண்டிய நம்பிக்கை ஒன்றே: "டீசல் பற்றாது." நம் நாட்டுத் தரவரையறையில் டீசலின் தீப்பற்று வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி. உங்கள் ஊரில் மே மாதம் நிழலிலேயே 45 டிகிரி. வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் கொட்டிய டீசல் பெட்ரோலைப் போலத்தான் நடத்தப்பட வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு கனம், பள்ளத்தில் ஓடி, தொலைவில் இருக்கும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். காற்றில் ஒன்றரை சதவீதம்கூட வேண்டாம், பற்றிக்கொள்ளும்.

2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கில் நடந்ததை உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். வால்விலிருந்து பெட்ரோல் பீய்ச்சியது, இயக்கியவர் ஆவியில் திணறினார், உதவப் போனவரும் திணறினார், வால்வை மூட யாராலும் நெருங்க முடியவில்லை. ஒன்றேகால் மணி நேரம் ஆவி கிடங்கு முழுக்கப் பரவி, வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். தீ பத்து நாளுக்கு மேல் எரிந்தது. தூரத்திலிருந்து மூடக்கூடிய வால்வும் முழு மூச்சுக்கருவியும் ஏன் வேண்டும் என்பதற்கு உங்கள் மாநிலத்திலேயே இதைவிட உதாரணம் வேண்டாம்.

பேரலில் ஓட்டை விழுந்தால் முதல் வேலை அடைப்பது அல்ல, உருட்டுவது. ஓட்டை மேலே வந்தால் கசிவு தானாக நிற்கும். பிறகு துணி சுற்றிய மரக் கூர்ஆப்பை இரும்புச் சுத்தியால் அல்லாமல் மரச் சுத்தியால் தட்டலாம். 200 லிட்டர் முழுதும் கொட்டி 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்றால் 40 சதுர மீட்டர் பரவும், வழவழப்பான தரையில் இன்னும் மெலிதாக ஓடி அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. எத்தனை மணல் மூட்டை எங்கே வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்துத் தீர்மானியுங்கள். வண்டியின் இன்ஜின், வயர்லெஸ் செட், செல்போன் எல்லாம் 50 மீட்டருக்கு வெளியே. வாரி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்.

டீசல் ஓடையில் இறங்கிவிட்டால் ஒரு எளிய அணை உண்டு. ஓடையின் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி, நடுவே நான்கு அங்குல பி.வி.சி. குழாயைச் சாய்வாக வையுங்கள். தண்ணீர் வரும் பக்கம் குழாய் வாய் தரையோடு மூழ்கியிருக்க வேண்டும், வெளியேறும் பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். அடியிலிருக்கும் தண்ணீர் போய்விடும், மேலே மிதக்கும் எண்ணெய் அணைக்குப் பின்னால் நின்றுவிடும். குழாயைத் தலைகீழாக வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்போது எண்ணெய் முழுதும் மிடறு மிடறாக வெளியேறும். வாய்க்காலில் சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் விட்டுப் பழக்குங்கள், பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

நெடுஞ்சாலை டேங்கர் வேறு விஷயம். அங்கே உங்கள் யூனிட் செய்ய வேண்டியவை மூன்று: இனம் காண்பது, ஆட்களை விலக்குவது, சரியானவர்களுக்குச் சரியான தகவல் தருவது. ஓட்டையை அடைப்பது இல்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியில் அவசரத் தகவல் பலகை மூன்று இடத்தில் இருக்க வேண்டும். அதில் பொருளின் பெயர், நான்கு இலக்க ஐ.நா. எண், தொலைபேசி எண் இருக்கும். உங்கள் சாலையில் அதிகம் வரக்கூடியவற்றை மனப்பாடம் செய்யவையுங்கள்: 1203 பெட்ரோல், 1202 டீசல், 1075 எல்.பி.ஜி., 1017 குளோரின், 1005 அம்மோனியா, 1830 கந்தக அமிலம். பலகையில் ஹேஸ்கெம் குறியும், அதாவது முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் எண்ணும் எழுத்துகளும், இருக்கும். பெட்ரோலுக்கு 3ஒய்.இ. என்று வரும்: 3 என்றால் நுரை, ஒய் என்றால் சாக்கடைக்குப் போகாமல் தேக்கு, மூச்சுக்கருவி வேண்டும், வெடிக்கலாம், கடைசி இ என்றால் மக்களை வெளியேற்றுவதைப் பற்றி யோசி. பைனாகுலரில் இதைப் படித்து 112க்கும் உங்கள் கன்ட்ரோல் ரூமுக்கும் சொல்வது ஒரு லான்ஸ் நாயக்கால் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை. "ஏதோ கேஸ் டேங்கர் சார்" என்று சொன்னால் வருபவர் தவறான சாமானோடு வருவார்.

தூரங்கள்: பெட்ரோல், டீசல் கொட்டலுக்கு எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மீட்டர், பெரிய கொட்டலுக்குக் காற்றுப் போகும் திசையில் 300 மீட்டர். டேங்கர் தீயில் இருந்தால் 800 மீட்டர். குளோரின் என்றால் எல்லாப் பக்கமும் 100 மீட்டரில் தொடங்கி, காற்றுத் திசையில் இன்னும் வெகுதூரம். இரவில் அந்தத் தூரம் கூடும், காற்று அசையாமல் வாயு தரையோடு படுத்துக் கிடக்கும். எல்.பி.ஜி. டேங்கர் தீயில் வேகிறது என்றால் 1,600 மீட்டர், யோசிக்கவே வேண்டாம், எல்லோரையும் விலக்குங்கள். 2024 டிசம்பர் 20 விடியலில் ஜெய்ப்பூர் அருகே பாங்க்ரோட்டாவில் எல்.பி.ஜி. டேங்கர் மீது லாரி மோதியபோது, கசிந்த வாயு பற்றி, சாலையில் நின்ற வண்டிகளையெல்லாம் சுருட்டியது. வெண்ணிறப் புகை போலச் சாலையில் தவழும் எல்.பி.ஜி. மேகத்துக்குள் வண்டியை ஓட்டிச் செல்லும் டிரைவர்தான் பல நேரம் பொறி தருபவர். உங்கள் ஜவான் முதலில் நிறுத்த வேண்டியது போக்குவரத்தை, அதுவும் இருபுறமும்.

குளோரின் சிலிண்டரோ, 900 கிலோ பிடிக்கும் டன்னர் என்ற பெரிய உருளையோ கசிந்தால் அதன்மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. ஈரம் பட்ட குளோரின் அமிலமாகி இரும்பை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். பயிற்சி பெற்றவர்கள் செய்யும் முதல் வேலை, கசிவு மேற்புறம் வரும்படி உருட்டுவது. திரவமாக வந்தால் அது 400 மடங்குக்கு மேல் வாயுவாக விரியும், மேற்புறம் வந்தால் வாயு மட்டும் வரும். இது உங்கள் ஆட்கள் தெரிந்துகொள்ள, செய்ய அல்ல. அதற்குத் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ரசாயனப் பிரிவு, மாவட்டத் தீயணைப்பு, அருகிலுள்ள தொழிற்சாலை அவசரக் குழு ஆகியோர் இருக்கிறார்கள். அவர்களின் எண்கள் இன்றைக்கே கன்ட்ரோல் ரூம் சுவரில் இருக்கட்டும். ஆழமான பயிற்சிக்கு இரண்டு மூன்று பேரைத் தேர்ந்து புனேயிலுள்ள ராணுவப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பும்படி உங்கள் சி.ஓ.விடம் கேட்டுப் பாருங்கள்.

பலர் விட்டுவிடும் பாடம், உடையைக் கழற்றுவது. உள்ளே போவதற்கு முன்பே கழுவும் இடம் தயாராக இருக்க வேண்டும்: இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, நீண்ட பிடி பிரஷ், சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், குப்பைப் பை, ஒரு ஸ்டூல். வெளியே வந்தவன் தலையிலிருந்து கீழே கழுவப்படுவான். பிறகு உடையை உள்பக்கம் வெளியே வரும்படி உருட்டிக் கழற்ற வேண்டும். உள் கையுறையும் மாஸ்க்கும் கடைசி. பயிற்சியில் அவன் கையுறை, மார்பு, பூட்ஸ் மூன்றிலும் ஷேவிங் கிரீம் நுரையைப் பூசிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். முடித்ததும் முகத்திலும் கழுத்திலும் எவ்வளவு வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று கண்ணாடியில் காட்டுங்கள். முதல் முறை பெரும்பாலும் காதோரத்தில் ஒட்டியிருக்கும், மாஸ்க் பட்டையை வெளிக் கையுறையோடு இழுப்பதால்.

உங்கள் ஊர் வெயிலில் ரசாயன உடையே ஒரு நோய். போடும் முன் நாடித் துடிப்பும் எடையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்து உட்கார்ந்ததும் நாடி 110ஐத் தாண்டினால் அடுத்த முறை வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். எடை ஒன்றரை சதவீதம் குறைந்திருந்தால், அதாவது 70 கிலோ ஆள் ஒரு கிலோ இழந்திருந்தால், அன்றைக்கு அவன் மறுபடி உடை போட வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் இந்த ஒத்திகை விடியலில் மட்டும்.

ஐந்து நாள் என்று சொன்னீர்கள். ஒரே மூச்சில் ஐந்து நாளும் நடத்த வேண்டாம். இரண்டு நாள் இப்போது போதும்: முதல் நாள் நிற்பது, காற்று, எண் படிப்பது, உடை, இரண்டாம் நாள் மணல் கரை, சோடா, பேரல், கழற்றுவது. மீதி மூன்று நாளை ஆறு அரை நாளாக்கி இரண்டு மாதத்துக்கு ஒன்று வையுங்கள். இந்தத் திறமை நினைவில் தங்காது, கையில்தான் தங்கும், கை மறக்க மூன்று மாதம் போதும். தேர்வும் எழுத்தில் வேண்டாம். யாருக்கும் சொல்லாமல் ஒரு மதியம் பேட்டரி அறை வாசலில் சாயத் தண்ணீர் 20 லிட்டரைக் கொட்டி, வாசலில் வைக்கோல் பொம்மை ஒன்றைக் கிடத்துங்கள். கையில் கடிகாரம் மட்டும். முதல் "தம்" எத்தனை நொடியில் வந்தது, பொம்மையை நோக்கி எத்தனை பேர் ஓடினார்கள், இந்த இரண்டையும் மட்டும் குறியுங்கள்.

அள்ளிய மணலையும் சோடாச் சேற்றையும் எண்ணெய் நனைந்த துணியையும் குழி வெட்டி எரிக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அவை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற இடத்துக்குப் போக வேண்டும். மூடிய டிரம்மில், என்ன பொருள், என்ன தேதி என்று எழுதி வையுங்கள்.

பயிற்சி தேதி குறிக்கும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று இருக்கிறது. இன்று மாலையே பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பேட்டரி அறையிலிருந்து எடுத்து, தண்ணீர்ப் பிரிவின் உலர்ந்த தனி அறைக்கு மாற்றுங்கள். பிரேக் ஆயில், டீசல், கிரீஸ் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது, பவுடரோடு சேர்ந்தால் தீப்பிடிக்கலாம். சோடா ஆஷ் டப்பாவுக்கு நீல நிறம் அடித்து, "ஆசிட்டுக்கு இது மட்டும்" என்று இந்தியிலும், உங்கள் பையன்கள் வாசிக்கும் மற்ற மொழிகளிலும் எழுதி, பேட்டரி அறைக் கதவுக்கு வெளியே, கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.